ஒரே வண்டிக்குள் இரண்டு மின்சாரம்

மோட்டார்ஹோம் எனப்படும் வீட்டுவண்டியில் இரண்டு வகை மின்சாரம் அருகருகே ஓடுகிறது. ஒன்று பேட்டரி தரும் 12 வோல்ட் நேர்திசை மின்சாரம். விளக்கு, தண்ணீர் பம்பு, ஹீட்டரின் விசிறி ஆகியவை அதில் இயங்கும். மற்றொன்று வெளியிலிருந்து கேபிள் வழியாகவோ ஜெனரேட்டரிலிருந்தோ வரும் மாறுதிசை மின்சாரம். அமெரிக்காவில் 120 வோல்ட், ஐரோப்பாவில் 230. ஏர்கண்டிஷனரும் மைக்ரோவேவும் சுவர் பிளக்குகளும் இதைச் சேர்ந்தவை. இருபது முப்பது வருடம் ஓடிய வண்டியை வாங்கிப் புதுப்பிக்க இறங்குபவர் அதன் மின்பலகையைத் திறந்தால், ஒரு பக்கம் கார் ஃபியூஸ்களும் மறுபக்கம் வீட்டு பிரேக்கர்களும், அவற்றுக்கு நடுவே உறுமிக்கொண்டிருக்கும் ஒரு பெட்டியும் தெரியும். இந்த அமைப்பை யாரும் ஒரே மூச்சில் திட்டமிட்டு வரையவில்லை. கார்த் தொழில் கொஞ்சம், எரிவாயுத் தொழில் கொஞ்சம், முகாம் நடத்தியவர்கள் கொஞ்சம், கோல்ஃப் மைதானத்து வண்டிகள் கொஞ்சம் என்று நூறு ஆண்டுகளில் சேர்ந்தது அது. எதை மாற்றுவதாக இருந்தாலும், அது எப்போது, எதற்காக வந்து சேர்ந்தது என்று தெரிந்திருந்தால் பாதிச் சிக்கல் அவிழ்ந்துவிடும்.

தொடக்கத்தில் மின்சாரமே இல்லை. 1885இல் பிரிட்டனில் ஓய்வுபெற்ற கடற்படை மருத்துவர் கோர்டன் ஸ்டேபிள்ஸ், பிரிஸ்டல் நகரத்து வண்டிப் பட்டறை ஒன்றில் ‘வாண்டரர்’ என்ற குதிரை வண்டியைச் செய்வித்து நாடு சுற்றினார். பிழைப்புக்காக அல்லாமல் பொழுதுபோக்குக்காகக் கட்டப்பட்ட முதல் கேரவன்களில் ஒன்றாக அதைச் சொல்வார்கள். எண்ணெய் விளக்குதான் அதன் வெளிச்சம். 1910இல் நியூயார்க்கின் மேடிசன் சதுக்கத் தோட்ட அரங்கில் பியர்ஸ்-ஏரோ நிறுவனம் ‘டூரிங் லாண்டோ’ காரைக் காட்சிக்கு வைத்தது. பின்னிருக்கை படுக்கையாக விரியும். டிரைவர் இருக்கையின் முதுகிலிருந்து கைகழுவும் தொட்டி இறங்கும். அந்தக் காரின் குறிப்பிடத்தக்க மின்சாதனம், பின்னால் அமர்ந்திருக்கும் முதலாளி முன்னால் இருக்கும் டிரைவரோடு பேசுவதற்கு வைத்த தொலைபேசி. அமெரிக்க வீட்டுவண்டித் தொழில் தன் வயதை அந்த ஆண்டிலிருந்துதான் எண்ணுகிறது.

மின்சாரம் வண்டிக்குள் வந்தது வீட்டு வசதிக்காக அல்ல, எஞ்சினுக்காக. கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினை உயிர்ப்பிக்கும் வேலையை ஒழிக்க சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் 1912 மாடல் காடிலாக் கார்களில் பொருத்தப்பட்டது. அதோடு பேட்டரியும் டைனமோவும் மின்விளக்கும் காரின் நிரந்தர உறுப்புகளாயின. பிரெஞ்சு இயற்பியலாளர் காஸ்டன் பிளாண்டே 1859இல் உருவாக்கிய ஈய-அமில பேட்டரி, அரை நூற்றாண்டு கழித்துக் காரில் தன் நிரந்தர இடத்தைப் பிடித்தது. ஆனால் ஸ்டார்ட்டருக்கான பேட்டரி ஒரு தனி ஜாதி. சில விநாடிகளுக்குப் பெரும் மின்னோட்டத்தைக் கொட்டிவிட்டு உடனே மறுபடி நிரம்ப வேண்டும் என்பதற்காக அதன் தகடுகள் மெல்லியதாக வார்க்கப்படுகின்றன. இரவு முழுக்க ஒரு விளக்கை எரியவைத்து அடிமட்டம்வரை வற்றவிட்டால் சில தடவையிலேயே படுத்துவிடும். வண்டியில் குடியிருக்கத் தொடங்கியவர்கள் இந்த உண்மையோடு பல பத்தாண்டுகள் மல்லுக்கட்டினார்கள்.

பணம் உள்ளவர்களுக்கு அப்போதே வேறு வழி இருந்தது. பெட்ரோல்-மின்சாரப் பேருந்து நிறுவனம் நடத்திய ரோலண்ட் காங்க்ளின், தன் குடும்பத்துக்காக ‘ஜிப்சி வேன்’ என்ற 25 அடி நீள, 8 டன் எடை வண்டியைக் கட்டினார். 1915 ஆகஸ்டில் நியூயார்க் மாநிலத்தின் ஹண்டிங்டனிலிருந்து சான் பிரான்சிஸ்கோ நோக்கிக் குடும்பத்தோடு புறப்பட்டார். சொந்த ஜெனரேட்டர், மின்குமிழ்கள், முழுச் சமையலறை, கிராமபோன், சிறு மின்சாதனங்கள், கூரைமேல் தோட்டம் எல்லாம் அதில் இருந்தன. சாலைகளோ அந்த எடையைத் தாங்கும் நிலையில் இல்லை. வண்டியில் வீட்டு மின்சாரம் வேண்டுமென்றால் மின்நிலையத்தையும் கூடவே சுமக்க வேண்டும் என்ற கணக்கு அங்கேயே எழுதப்பட்டுவிட்டது; பின்னால் வந்தவர்கள் எல்லோரும் அந்தச் சுமையைக் குறைக்கப் பார்த்தவர்களே.

சாமானியர்கள் வேறு விதமாகப் போனார்கள். 1919இல் ஃபுளோரிடாவின் டாம்பா நகரில் ‘டின் கேன் டூரிஸ்ட்ஸ்’ என்ற சங்கம் கூடியபோது அவர்களிடம் இருந்தவை கூடாரமும் தகர டப்பா உணவும், முகாமுக்கேற்ப மாற்றிக்கொண்ட கார்களும்தான். 1930களில் இழுவை வண்டிகள் பெருகின. வாலி பையமின் ஏர்ஸ்ட்ரீம் நிறுவனம் 1936இல் வெளியிட்ட ‘கிளிப்பர்’, ரிவெட் அடித்த அலுமினிய உடம்புக்குள் நால்வர் படுக்கவும், சொந்த நீர்த்தொட்டி வைக்கவும், மின்விளக்கு எரியவும் வசதி தந்தது. உலர்பனிக்கட்டியால் குளிரூட்டும் ஏற்பாட்டைக்கூட விருப்பத்துக்கு விட்டிருந்தார்கள். விலை 1,200 டாலர், அன்றைக்குச் சின்னத் தொகை இல்லை. அந்தக் காலத்து வண்டிகள் சிலவற்றில் விளக்குகள் இரண்டு வகையாக இருந்தன: ஓடும்போது காரின் 6 வோல்ட் பேட்டரியில் எரிபவை, முகாமில் ஒயர் கிடைத்தால் ஊர் மின்சாரத்தில் எரிபவை. இரட்டை அமைப்பின் வித்து இதுதான்.

மின்சாரத்தால் முடியாததை எரிவாயு செய்தது. புரொப்பேன் 1910களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இனங்காணப்பட்டு, சிலிண்டரில் அடைபட்டு, பின்னர் வண்டிகளுக்கு வந்தது. பிரிட்டனில் 1935 முதல் காலர் நிறுவனம் பியூட்டேனை சிலிண்டரில் விற்றது. ஜெர்மனியில் 1949இல் தொடங்கிய ட்ரூமா, முதலில் வாயு விளக்கு செய்து பின்னர் கேரவன் ஹீட்டருக்குப் பேர்பெற்றது. அடுப்பு, வெந்நீர், சூடு, சில வண்டிகளில் வெளிச்சமும் வாயுவின் பொறுப்பு. இந்தப் பங்கீடு இன்றைக்கும் பெரும்பாலான வண்டிகளில் அப்படியே இருக்கிறது. சூடாக்கும் எந்த வேலைக்கும் பேட்டரி லாயக்கில்லை என்பதே காரணம்.

வாயுவின் உண்மையான வெற்றி குளிரில். ஸ்டாக்ஹோமில் பொறியியல் மாணவர்களாக இருந்த பால்ட்சார் ஃபான் பிளாட்டனும் கார்ல் மூன்டர்ஸும் 1922இல் ஒரு ஃபிரிட்ஜை வடிவமைத்தார்கள். அதில் மோட்டாரோ கம்ப்ரஸரோ கிடையாது. அசையும் உறுப்பு எதுவுமே இல்லை. அமோனியா கலந்த நீரைச் சிறு சுடரால் கொதிக்கவைத்தால் அமோனியா ஆவியாகி மேலே ஏறுகிறது, குளிர்ந்து திரவமாகிறது, ஹைட்ரஜன் நிறைந்த குழாயில் மறுபடி ஆவியாகும்போது பெட்டிக்குள் இருக்கும் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது, பிறகு நீரில் கரைந்து பழைய இடத்துக்கே திரும்புகிறது. எலெக்ட்ரோலக்ஸ் நிறுவனம் 1925இல் இதைக் கையகப்படுத்தியது. (ஏறக்குறைய அதே ஆண்டுகளில் ஐன்ஸ்டைனும் லியோ சிலார்டும் வேறொரு வழியில் இதே போன்ற ஃபிரிட்ஜுகளுக்குக் காப்புரிமை பெற்றார்கள். சிலவற்றை எலெக்ட்ரோலக்ஸ் வாங்கவும் செய்தது; எதுவும் கடைக்கு வரவில்லை.) சுடர், பேட்டரி, ஊர் மின்சாரம் மூன்றில் எதைக் கொண்டும் அந்த நீரைச் சூடாக்கலாம் என்பதால் ‘மூவழி’ ஃபிரிட்ஜ் பிறந்தது. எலெக்ட்ரோலக்ஸிலிருந்து 2001இல் பிரிந்த டொமெட்டிக் நிறுவனத்தின் பெயர், அமெரிக்க வீட்டுவண்டிகளில் ஃபிரிட்ஜுக்கே மறுபெயர் போல ஆகிவிட்டது.

வாயு ஃபிரிட்ஜின் குறைகள் பயன்படுத்தியவர்களுக்குத்தான் தெரியும். வண்டி சமதரையில் நிற்க வேண்டும். சாய்ந்து நின்றால் திரவம் திரும்பி வராமல் கொதிகுழாய் வெறுமனே காயும்; துருவைத் தடுக்கக் கலந்திருக்கும் குரோமேட் உப்பு படிந்து குழாயை அடைக்கும்; அதற்குப் பிறகு அந்த ஃபிரிட்ஜுக்கு மருந்து கிடையாது. கடும் வெயிலில் குளிர் குறையும். 12 வோல்ட்டில் ஓட்டினால் 150 வாட்டுக்கு மேல் இடைவிடாமல் இழுப்பதால், எஞ்சின் ஓடும்போது மட்டுமே அந்த வழி உதவும். பழைய வண்டியை வாங்கியவர், ஓட்டிவந்து நிறுத்தியபின் சுவிட்சை வாயுவுக்கு மாற்ற மறந்து, காலையில் செத்த பேட்டரியோடு விழிப்பது அடிக்கடி நடப்பது.

1955-56 வாக்கில் அமெரிக்கக் கார்கள் 6 வோல்ட்டைக் கைவிட்டு 12க்கு மாறின. வோல்டேஜ் இரட்டித்தால் அதே வேலைக்குப் பாதி மின்னோட்டம் போதும். ஒயரில் வெப்பமாக வீணாவது கால்பங்காகக் குறையும். ஃபோக்ஸ்வாகன் இந்த மாற்றத்துக்கு 1960களின் இரண்டாம் பாதிவரை காத்திருந்தது. ஆகவே வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் உள்வேலை செய்த அந்த நாளைய வேன்களை இன்று வாங்குபவர், தன் கையில் இருப்பது எந்த வோல்ட் வண்டி என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. 1957இல் ஏர்ஸ்ட்ரீம் வெளியிட்ட ‘இன்டர்நேஷனல்’ மாடல், வெளி இணைப்பு எதுவும் இல்லாமல் நிற்கக்கூடிய வண்டி என்று பெயர் வாங்கியது. 1960இல் கிரைஸ்லர் தன் வேலியன்ட் காரில் டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டரைப் பொருத்தியது. சிலிக்கன் டயோடு மலிவானதால் சாத்தியமான மாற்றம் அது. எஞ்சின் மெதுவாக ஓடும்போதும் பேட்டரிக்கு நல்ல சார்ஜ் கிடைத்தது.

இதையடுத்து எஞ்சினுக்கு ஒரு பேட்டரி, வீட்டுக்கு ஒரு பேட்டரி என்று பிரிப்பது வழக்கமாயிற்று. விளக்கெரித்து ஒன்றை வற்றவிட்டாலும் மற்றது காலையில் வண்டியைக் கிளப்பும். ஓடும்போது மட்டும் இரண்டையும் சேர்த்துச் சார்ஜ் செய்ய நடுவில் ஒரு ரிலே அல்லது ஒரு டயோடு அடுக்கு வைத்தார்கள். டயோடைக் கடக்கும் மின்சாரம் 0.7 வோல்ட் அளவுக்கு இழக்கும். ஆல்டர்னேட்டர் 14.2 வோல்ட் கொடுத்தாலும் வீட்டு பேட்டரிக்குப் போய்ச்சேர்வது 13.5தான், முழுதாக நிரம்பாமலே வருடக்கணக்கில் கிடந்து அதன் தகடுகளில் சல்பேட் ஏறிவிடும். புது பேட்டரி வாங்கிப் போட்டும் இரண்டு வருடத்தில் போய்விடுகிறது என்று புலம்பும் உரிமையாளர்கள் பலர் பேட்டரியைத் திட்டுகிறார்கள். குற்றவாளி அந்தப் பழைய டயோடு அடுக்காக இருப்பதுண்டு.

வீடும் எஞ்சினும் ஒரே உடம்பாகிய மோட்டார்ஹோம் இந்தப் பின்னணியில்தான் சந்தைக்கு வந்தது. மிச்சிகன் மாநிலத்தின் ரேமண்ட் ஃபிராங்க் 1958இல் தன் குடும்பத்துக்காக ஒன்றைக் கட்டி, 1961இல் டாட்ஜ் அடிச்சட்டத்தின் மேல் விற்பனைக்குச் செய்யத் தொடங்கினார். அயோவா மாநிலத்தின் ஃபாரஸ்ட் சிட்டியில் ஜான் ஹான்சனின் வின்னபேகோ நிறுவனம் 1966இல் முதல் மோட்டார்ஹோமை வெளியிட்டு, தொழிற்சாலை வரிசையில் செய்து விலையை இறக்கியது. ஜெனரல் மோட்டார்ஸ் 1973 முதல் 1978 வரை தானே சுமார் 13,000 வண்டிகளைச் செய்தது. முன்சக்கர இயக்கம் கொண்ட அந்த வண்டிகளில் கணிசமானவை இன்றும் சாலையில் இருக்கின்றன. ஒயரிங்கிலிருந்து ஏர்கண்டிஷனர்வரை உரிமையாளர்கள் ஒவ்வொன்றாக மாற்றி உயிரோடு வைத்திருக்கும் பழைய வண்டிகளுக்கு அவை நல்ல உதாரணம்.

நிறுத்துமிடமும் இதே காலத்தில் மாறியது. 1962இல் மான்டானா மாநிலத்தின் பில்லிங்ஸ் நகரில் டேவ் டிரம் தொடங்கிய கே.ஓ.ஏ. முகாம்கள் நாடெங்கும் கிளைவிட்டன. தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், மின்கம்பம் மூன்றும் இடத்துக்கு இடம் கிடைத்தன. கப்பல் துறைமுகத்தில் கரை மின்சாரம் வாங்குவது போல வண்டி கேபிளை நீட்டி இணைத்துக்கொண்டது. அமெரிக்காவில் அதற்கென 30 ஆம்பியர், 120 வோல்ட் பிளக் ஒன்று தனியாக வகுக்கப்பட்டது. பெரிய வண்டிகளுக்கு 50 ஆம்பியர் பிளக் வந்தது. முப்பதுக்கும் ஐம்பதுக்கும் வித்தியாசம் பெயரளவில் தெரிவதைவிடப் பெரிது: 30 ஆம்பியர் பிளக் 3,600 வாட் தரும், 50 ஆம்பியர் பிளக்கில் 120 வோல்ட் கம்பிகள் இரண்டு இருப்பதால் 12,000 வாட் கிடைக்கும். ஐரோப்பா நீல நிற 16 ஆம்பியர் பிளக்கில் நிலைத்தது.

அமெரிக்க 30 ஆம்பியர் பிளக் ஒரு தொடர் விபத்துக்குக் காரணமாகியிருக்கிறது. அது பார்வைக்குப் பழைய துணி உலர்த்தி இயந்திரத்தின் 240 வோல்ட் பிளக்கைப் போலவே இருக்கும். புது உரிமையாளர் தன் வீட்டு வாசலில் வண்டிக்கு இணைப்பு வைக்கச் சொல்ல, வீட்டு வேலையே பார்த்துப் பழகிய எலக்ட்ரீஷியன் மூன்று கால், 30 ஆம்பியர் என்று பார்த்ததும் 240 வோல்ட்டைக் கொடுத்துவிடுவார். மின்பலகையின் உறுமும் பெட்டி, மைக்ரோவேவ், டிவி எல்லாம் ஒரே நொடியில் புகைந்துபோகும். செருகுமுன் மீட்டர் வைத்துப் பார்ப்பதற்கு இரண்டு நிமிடம் ஆகும். அமெரிக்க மின்விதித் தொகுப்பில் வீட்டுவண்டிகளுக்கென 551ஆம் பிரிவு தனியாக உண்டு. அதன் முக்கியக் கட்டளை ஒன்று: வண்டிக்குள் நியூட்ரல் கம்பியும் எர்த் கம்பியும் ஒன்றையொன்று தொடக்கூடாது, அவை சேருமிடம் மின்சாரம் புறப்படும் இடம் மட்டுமே. வீட்டு மின்பலகையில் இரண்டும் சேர்ந்தே இருப்பதைப் பார்த்துப் பழகியவர் இங்கும் அப்படியே முடிச்சுப் போட்டால், ஒரு கோளாறு நேரும்போது வண்டியின் உலோக உடம்பே மின்சாரம் சுமக்கும்.

மின்பலகையின் நடுவில் உறுமும் பெட்டிக்கு கன்வெர்ட்டர் என்று பெயர். வெளியிலிருந்து வரும் மாறுதிசை மின்சாரத்தை 12 வோல்ட் நேர்திசையாக மாற்றி விளக்குகளை எரியவைத்து, மிச்சத்தில் பேட்டரியைச் சார்ஜ் செய்வது அதன் வேலை. 1960, 70களின் கன்வெர்ட்டர்கள் கனமான மின்மாற்றியும் சில டயோடுகளும் கொண்டவை. ஏர்ஸ்ட்ரீம் வண்டிகளில் வந்த ‘யூனிவோல்ட்’ இவற்றில் பிரசித்தம். பேட்டரி நிரம்பியதா இல்லையா என்று பார்க்கும் அறிவு அவற்றுக்குக் கிடையாது. மாதக்கணக்கில் கேபிளில் மாட்டி வைத்தால் பேட்டரியின் நீர் கொதித்து வற்றிவிடும்; வற்றிப்போன பேட்டரிக்கு ஒரு நாள் மட்டும் கொடுத்தால் நிரம்பாது. வேறு சில தயாரிப்புகள் விளக்குகளுக்கு ஒரு வெளியீடு, பேட்டரிக்கு மெல்லிய இன்னொரு வெளியீடு என்று பிரித்திருந்தன. அவற்றில் பேட்டரி நிரம்ப நாட்கணக்கு ஆகும். முகாமின் கேபிளை விட்டு நகராதவர்களுக்காக வடிவமைத்த பெட்டி அது. கேபிள் இல்லாத இடத்துக்குப் போக ஆசைப்பட்டவர்களுக்கு அது துரோகம் செய்தது. 1990களில் மிச்சிகனின் புரோக்ரெசிவ் டைனமிக்ஸ் போன்ற நிறுவனங்கள் மின்னணுக் கன்வெர்ட்டர்களைக் கொண்டுவந்தன. முதலில் 14.4 வோல்ட் கொடுத்து வேகமாக நிரப்பி, பிறகு 13.6க்கு இறங்கி, கடைசியில் 13.2இல் காத்து வைத்தன. பழைய வண்டியில் செய்யத்தக்க மாற்றங்களில் செலவு குறைந்ததும் பலன் அதிகமானதும் இந்தப் பெட்டியை மாற்றுவதுதான். எவர் கண்ணுக்கும் தெரியாத இடத்தில் இருப்பதால் பலர் அதைக் கடைசியில் செய்கிறார்கள்.

கூரை ஏர்கண்டிஷனர் பரவியதும் கணக்கு தலைகீழானது. ஓடும்போது அது 1,500 வாட் அளவில் இழுக்கும்; கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் அதைவிடப் பல மடங்கு. பேட்டரியை அந்தப் பக்கம் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. ஆகவே காங்க்ளினின் தீர்வு திரும்பி வந்தது. மினியாபொலிஸில் 1920இல் டேவிட் ஓனன் தொடங்கிய நிறுவனம், இரண்டாம் உலகப் போரில் ராணுவத்துக்கு ஜெனரேட்டர் செய்து வளர்ந்தது. பின்னாளில் அதன் 4 கிலோவாட் இயந்திரங்கள் மோட்டார்ஹோம்களின் வயிற்றில் உட்கார்ந்தன. வெயில் நாளில் குளிராக இருந்தது. பக்கத்து வண்டிக்காரரால் சத்தத்தில் தூங்க முடியவில்லை. அமெரிக்க தேசியப் பூங்காக்கள் ஜெனரேட்டர் ஓட்டும் நேரத்துக்குக் கட்டுப்பாடு வைத்தன.

சத்தமில்லாத வழி பாலைவனத்தில் பழகியது. சூரிய மின்கலம் 1954இல் பெல் ஆய்வகத்தில் பிறந்தபோது அதன் செயல்திறன் 6 சதவீதம். விண்கலங்களுக்குத்தான் கட்டுபடியாகும் விலை. 1973 வாக்கில் எலியட் பெர்மன், எக்ஸான் நிறுவனத்தின் முதலீட்டில் சோலார் பவர் கார்ப்பரேஷனை நடத்தி, ஒரு வாட்டுக்கு 100 டாலராக இருந்த விலையை 20க்குக் கொண்டுவந்தார். 1978இல் கலிஃபோர்னியாவில் ஜான் ஷேஃபர் தொடங்கிய ரியல் குட்ஸ் கடை, காட்டுக்குள் குடியேறிய ஹிப்பிகளுக்குச் சில்லறையில் சூரியப் பலகை விற்றது. வண்டிக்காரர்களுக்கு வாய்ப்பு அரிஸோனாவில் அமைந்தது. குவார்ட்ஸைட் என்ற சின்ன ஊரைச் சுற்றியிருக்கும் அரசு நிலத்தில், வடக்கின் பனிக்குத் தப்பி வரும் முதியவர்கள் குளிர்காலம் முழுக்க வண்டியை நிறுத்துவார்கள். 1983இல் அரசு அந்த நிலத்தை நீண்டகாலத் தங்குமிடமாக முறைப்படுத்தி, சிறு கட்டணத்தில் மாதக்கணக்காக இருக்க அனுமதித்தது. மின்கம்பம் கிடையாது, வெயிலுக்குக் குறைவில்லை. 100 வாட் பலகை ஒன்று நல்ல நாளில் சுமார் 400 வாட்-மணி தரும். விளக்கு, பம்பு, ஒரு சின்ன டிவிக்கு அது போதும். ஒட்டடைக் கம்பும் ஏணியுமாகக் கூரை ஏறிப் பலகையைத் துடைக்கும் ஓய்வூதியர்கள், சூரிய மின்சாரத்தின் ஆரம்ப வாடிக்கையாளர்களில் சேர்த்தி.

பகலில் வந்ததை இரவுக்குச் சேமிக்க ஸ்டார்ட்டர் பேட்டரி உதவாது என்பதும் அங்கே தெளிவானது. கோல்ஃப் மைதானத்து வண்டிகளுக்கென்று செய்த 6 வோல்ட் பேட்டரிகளின் தகடுகள் தடிமனானவை. தினமும் வற்றி தினமும் நிரம்பப் பிறந்தவை. இரண்டைத் தொடராக இணைத்தால் 12 வோல்ட், சுமார் 225 ஆம்பியர்-மணி கிடைக்கும். அதிலும் பாதியைத்தான் எடுக்கலாம். அதற்குக் கீழே இறக்கினால் ஆயுள் தேயும். நீர் ஊற்றத் தேவையில்லாத ஜெல் பேட்டரியை ஜெர்மனியில் 1957இலேயே ஓட்டோ யாகே உருவாக்கியிருந்தார். பின்னர் கண்ணாடியிழைப் பாய் பொதித்த பேட்டரிகளும் வந்தன. இரண்டும் விலை கூடியவை.

இன்வெர்ட்டர் 1980களில் நம்பத்தக்கதானது. மின்வெட்டுக் காலத்தில் தமிழ்நாட்டு வீடுகளின் மூலையில் வந்து உட்கார்ந்த அதே சாதனம்தான் இது: பேட்டரியின் 12 வோல்ட்டை வீட்டு மின்சாரமாக்கும். வீட்டில் மின்விசிறியும் டியூப்லைட்டும் ஓட்டினால் போதும்; வண்டிக்காரர் மைக்ரோவேவ் ஓட்ட ஆசைப்பட்டார். 1,500 வாட் இழுக்கும் மைக்ரோவேவுக்காக, இழப்பையும் சேர்த்து, பேட்டரியிலிருந்து 140 ஆம்பியர் பாய வேண்டும். அதற்குக் கட்டைவிரல் பருமன் கேபிள் வேண்டும், பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் தக்க ஃபியூஸ் வேண்டும். மெல்லிய ஒயரில் பெரிய இன்வெர்ட்டரைப் பூட்டுவதுதான் புது உரிமையாளர்கள் செய்யும் தவறுகளில் மிக ஆபத்தானது, தீ பிடிக்கும். அதற்கடுத்த தவறு, ஒரு நாளைக்கு எவ்வளவு செலவாகிறது என்று அளக்காமல் இன்வெர்ட்டரை முதலில் வாங்குவது. எதிர்முனை ஒயரில் மின்னோட்டத்தை அளக்க உதவும் ஒரு ஷண்டைப் பொருத்தி, உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எண்ணும் மீட்டரை ஒரு வாரம் பார்த்தால், வாங்கவேண்டிய பட்டியல் சுருங்கிவிடுவதும் உண்டு.

பட்டியலைச் சுருக்கியதில் பெரும் பங்கு விளக்குக்கு. 1993இல் ஷுஜி நகமுரா ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் பிரகாசமான நீல எல்.இ.டி.யைச் சாதித்தார், வெள்ளை எல்.இ.டி. அதிலிருந்து வந்தது. (2014இல் அகாசாகி, அமானோ ஆகியோரோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.) பழைய வண்டிக் குமிழ் ஒன்று சுமார் 18 வாட்; பத்து எரிந்தால் 15 ஆம்பியர்; 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியின் பயன்படும் பாதி மூன்று மணிநேரத்துக்குச் சற்று மேல் தாங்கும். அதே துளையில் செருகும் எல்.இ.டி. 2 முதல் 3 வாட். கருவி எதுவும் இல்லாமல், ஒயரைத் தொடாமல், ஒரு மாலையில் முடியும் வேலை. மற்றெல்லாவற்றுக்கும் முன்னால் இதைச் செய்வதே முறை.

அதன்பின் வந்தது லித்தியம். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப் குழுவினர் 1997இல் வெளியிட்ட லித்தியம் இரும்பு பாஸ்பேட், கைபேசியில் இருக்கும் லித்தியத்தைவிடக் கனம் கூடியது. ஆனால் எளிதில் தீப்பற்றாது, ஆயிரக்கணக்கான முறை நிரப்பலாம். 100 ஆம்பியர்-மணிக்கு ஈய பேட்டரி 28 கிலோ போல இருந்தால் இது 12 கிலோ. பாதி அல்ல, ஏறக்குறைய முழுவதையும் எடுக்கலாம். 2010களில் விலை இறங்க இறங்க வண்டிகளுக்குள் நுழைந்தது. கூடவே பழைய அமைப்பின் பலவீனங்களை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் போட்டது. 13.6 வோல்ட்டைத் தாண்டாத கன்வெர்ட்டர் அதை ஒழுங்காக நிரப்பாது. உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து கலம் கெடும். ஆகவே வெளிப்புறப் பெட்டியிலிருந்து பேட்டரியை உள்ளே மாற்ற வேண்டும். உள் எதிர்ப்பு மிகக் குறைவு என்பதால், காலியான லித்தியம் ஆல்டர்னேட்டரிலிருந்து கிடைப்பதை எல்லாம் ஒரே வாயில் விழுங்கும். தொடர்ந்து முழுச் சுமையில் ஓடுவதற்குச் செய்யப்படாத ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகும். பழைய ரிலே இருந்த இடத்தில், இத்தனை ஆம்பியருக்கு மேல் விடாத டி.சி.-டி.சி. சார்ஜர் உட்கார்ந்தது இதனால்தான். ஐரோப்பாவில் இன்னொரு காரணமும் சேர்ந்தது. 2015 வாக்கில் யூரோ 6 புகைவிதிகளோடு பரவிய ‘புத்திசாலி’ ஆல்டர்னேட்டர்கள் எரிபொருளை மிச்சம்பிடிக்க வோல்டேஜைத் தாமே இறக்கிக்கொள்வதால், பழைய ரிலே வழியாக வீட்டு பேட்டரிக்கு எதுவும் போய்ச்சேரவில்லை.

லித்தியமும் சூரியப் பலகையும் சேர்ந்தபோது வாயு ஃபிரிட்ஜின் ஏகபோகம் உடைந்தது. டேனிஷ் நிறுவனமான டான்ஃபாஸ் படகுகளுக்கும் லாரிகளுக்கும் செய்துவந்த சிறு நேர்திசைக் கம்ப்ரஸரைக் கொண்ட 12 வோல்ட் ஃபிரிட்ஜ், வாயு ஃபிரிட்ஜ் அதே 12 வோல்ட்டில் இழுப்பதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே சராசரியில் இழுக்கும். வெயிலிலும் சாய்விலும் குளிரும். 2000க்குப் பின் சில வாயு ஃபிரிட்ஜ் மாடல்கள் தீ அபாயத்தால் லட்சக்கணக்கில் திரும்பப் பெறப்பட்டதும் மாற்றத்தை விரைவுபடுத்தியது. புதிதாகச் செய்யும் வண்டிகளிலும் இப்போது கம்ப்ரஸர் ஃபிரிட்ஜே அதிகம் வருகிறது. பழைய வண்டியில் மாற்றுபவர், வாயுக் குழாயை முறையாக அடைத்து, சுவரில் இருக்கும் காற்றுத் துளைகளை மூடி, பாலைவனத்தில் நான்கு மேகமூட்ட நாட்களுக்குத் தாங்கும் பேட்டரி தன்னிடம் இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். வாயு ஃபிரிட்ஜ் ஒரு சிலிண்டரில் வாரக்கணக்கில் ஓடும். அந்த ஒரு விஷயத்தில் அதற்கு இன்னும் சரியான மாற்று இல்லை.

எஞ்சியிருப்பது ஏர்கண்டிஷனர். 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்றில் 1,280 வாட்-மணி இருக்கிறது. கூரை ஏர்கண்டிஷனரை ஒரு மணிநேரம் ஓட்டக்கூட அது பற்றாது. பேட்டரிகளை அடுக்கிக்கொண்டே போனால், 12 வோல்ட்டில் 3,000 வாட் எடுக்க 250 ஆம்பியருக்கு மேல் பாய வேண்டியிருக்கிறது. கேபிளின் எடையும் விலையும் எட்டாத உயரத்துக்குப் போகின்றன. 1955இல் கார்த் தொழில் செய்த அதே கணக்கை வீட்டுவண்டித் தொழில் 2010களின் பிற்பகுதியில் மறுபடி போட்டது: 48 வோல்ட்டுக்குப் போனால் மின்னோட்டம் நான்கில் ஒன்று. வின்னபேகோ உள்ளிட்ட சில நிறுவனங்கள் ஜெனரேட்டரையே நீக்கிவிட்டு, எஞ்சினில் இரண்டாவது ஆல்டர்னேட்டரும் தரைக்குக் கீழே உயர்வோல்ட் லித்தியம் பெட்டியும் வைத்து வண்டிகளை விற்றன. பழைய வண்டிக்காரர்கள் சிலரும் வெளிச்சந்தையில் கிடைக்கும் 48 வோல்ட் பேட்டரி, இன்வெர்ட்டர்களைக் கொண்டு அதையே கையால் செய்கிறார்கள். ஆனால் பம்பு, விசிறி, விளக்கு, ஹீட்டரின் கட்டுப்பாட்டுப் பலகை, படியை நீட்டும் மோட்டார் எல்லாம் 12 வோல்ட்டுக்கே செய்யப்பட்டு விற்கப்படுகின்றன. அவற்றுக்காக 48ஐ 12ஆக இறக்கும் சிறு மாற்றி ஒன்று சேர்க்கப்படுகிறது. ஆகவே புதுப்பித்த வண்டியில் ஓடும் மின்சாரம் இப்போது மூன்று வகை.